கரையிலிருந்து போட்ட தரை

என் சகலை வீட்டுப் பிரதிஷ்டை அன்று ஐயர் ஜெபம் தொடங்கியதும் எல்லோரும் முழங்கால் படியிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். நானும் மூடினேன். எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்லுவோம். புது வீடு கட்டினால் அவரை அழைத்து அறை அறையாக ஜெபிக்கச் சொல்லுவது வழக்கம். அன்றைக்கு வந்திருந்த ஐயர் நீளமாக ஜெபிக்கிறவர். நிலைக்கதவு, ஜன்னல், கிணறு, கிணற்றுத் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார். பாதியில் எனக்குக் கண் திறந்துகொண்டது. முழங்காலுக்குக் கீழே தரை. ஜெபம் முடிகிறவரை நான் தரையில் கல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மொசைக் கல். வெள்ளையும் சாம்பலும் கலந்த சாதாரணக் கல்தான், எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். அதைச் சுவரோடு சேர்த்து வரிசை பிடிக்காமல், சாய்த்து, மூலைக்கு மூலை முட்டும்படி போட்டிருந்தார்கள். அதைச் சுற்றி நாலு பக்கமும் ஒரு கல் அகலத்துக்குக் காவிச் சிவப்பில் கரை. அந்தக் கரை சுவரை ஒட்டி ஓடவில்லை, சுவரிலிருந்து இரண்டு கல் தள்ளி உள்ளே ஓடியது. கரைக்கும் சுவருக்கும் நடுவில் வெறும் சாம்பல் கல். அவ்வளவுதான் விஷயம். பூ கிடையாது, நட்சத்திரம் கிடையாது. ஆனால் ஹாலுக்குள் நுழைந்தவுடன் நடுவில் ஜமக்காளம் விரித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். பத்துக் கட்டளைகளில் கடைசிக் கட்டளை, பிறனுடைய வீட்டை இச்சியாதிருப்பாயாக என்பது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் எண்ணினேன்.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் தெருவுக்குத் தெரு விசைத்தறி. அதில் ஒரு தறிக்கூடத்தில் நான் டிசைன் போடுகிறவன். சேலைக்குக் கரை, முந்தி, உடலில் கட்டம் எல்லாவற்றையும் முதலில் கட்டத்தாளில் பென்சிலால் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. ஊரில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மாஸ்டர்தான். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் நான் போட்ட கரையைக் கட்டிக்கொண்டு நாலு பெண்களாவது போவார்கள். "அந்தா போகுது பாரு" என்று என் மனைவிக்குக் காட்டுவேன். "நல்லாருக்கு" என்பாள். பதினோரு வருஷத்தில் என் டிசைன்களைப் பற்றி அவள் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

என் சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சிமெண்டு, கம்பி, ஆணி விற்கிற கடை வைத்திருந்தான். கடைக்குப் பின்னால்தான் அந்தப் புது வீடு. தங்கமான மனுஷன் என்று எல்லோரும் சொல்லுவார்கள். நானே சபையில் வைத்துச் சொல்லியிருக்கிறேன். ஆனால் கண் கிடையாது. பச்சைச் சட்டைக்கு நீலக் கட்டம் போட்ட சாரம் கட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருப்பான். அப்படிப்பட்டவன் வீட்டில் இப்படி ஒரு தரை. அவனைவிட எட்டு வயது மூத்தவன் நான், வாடகை வீட்டில் சிமெண்டு பெயர்ந்த தரையில் பாயை இழுத்து இழுத்துப் போட்டுப் படுக்கிறவன். கண் எனக்கு, தரை அவனுக்கு. அந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவே இல்லை.

சாப்பாடு முடிந்து கை கழுவும்போது, சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"தரைக்கு யாரு தம்பி டிசைன் போட்டது?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி. பொம்பளைகதான் பாத்தாக. நான் கல்ல இறக்கிப் போட்டதோட சரி" என்றான்.

சரியான கள்ளன் என்று நினைத்துக்கொண்டேன். மதுரையிலிருந்து எவனாவது ஒரு இஞ்சினியரைப் பிடித்து வரைபடம் வாங்கியிருப்பான். நான் அதே மாதிரி போட்டுவிடக் கூடாது என்று மறைக்கிறான்.

அப்புறம் என் மனைவியைத் தேடினேன். அவள் ஹாலின் மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கரை திரும்புகிற இடத்தில் இரண்டு கல் சேர்கிற மூட்டை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் கொழுந்தியாள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். என்னைக் கண்டதும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். என் கட்டத்தாள் எதற்கும் முன்னால் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது, "என்ன, சத்தத்தையே காணோம்?" என்றேன்.

"அவ வீட்டுத் தரையப் பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு" என்றாள்.

அந்த ஒரு வரி என்னை ஒன்றரை வருஷம் தின்றது. நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டுக்குப் போகவே கூடாது என்று நினைப்பேன், வாரம் தவறாமல் போய் நிற்பேன். ஆணி வேண்டும் என்பேன், குடும்ப ஜெபம் என்பேன். போனால் உட்காருகிற இடம்கூட எனக்கு நிச்சயம், கரை முழுசாகத் தெரிகிற ஜன்னலோர நாற்காலி. வந்தவர்கள் யாராவது தரையைப் புகழ்ந்தால், "மழக்காலத்துல வழுக்கும்" என்பேன். வழுக்கவில்லை. "வெள்ளைக்கு அழுக்கு தெரியும்" என்பேன். தெரியவில்லை. ஒரு நாள் அடுப்படிப் பக்கமிருந்து கொழுந்தியாள் எடுத்துவந்த இரும்பு இடியுரல் கைதவறிக் கரைமேல் விழுந்தது. முதலில் எழுந்து ஓடியது நான்தான். அவள் காலில் பட்டுவிட்டதோ என்று பதறி ஓடுகிறேன் என எல்லோரும் நினைத்தார்கள். "அத்தான், எனக்கு ஒண்ணும் இல்ல" என்று அவளே சொன்னாள். நான் பார்த்தது தரையை. ஒரு கீறல்கூட விழவில்லை. அந்த ஏமாற்றத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

எப்படியோ எங்களுக்கும் ஒரு மனை அமைந்தது. ஊருக்கு வடக்கே, கொஞ்சம் கோணலான மனை. ஒரு சாண் இடத்தையும் விடக் கூடாது என்று எல்லைக் கல்லை ஒட்டியே வலதுபுறச் சுவரை எழுப்பினோம். சுவர் ஏறி, தளம் போட்டு, பூச்சு முடிந்தது. மற்ற வேலைகளில் எல்லாம் கொத்தனார் சொன்னதற்குத் தலையாட்டினேன். தரை என்று வந்தபோது, "அத நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டேன்.

மூன்று வாரம் வரைந்தேன். தறிக்கூடத்துக் கட்டத்தாளில் ஒரு கட்டத்துக்கு ஒரு கல். வாசலை ஒட்டி நாலு வரிசைக்கு முந்தி. இரண்டு பக்கச் சுவரோரமும் சிவப்புக் கரை. உடலில் நாலு கல் சேர்ந்தால் ஒரு பூ, பூவுக்குப் பூ நடுவில் பச்சைக் கட்டம். பென்சிலைக் கீழே வைத்தபோது எனக்கே கண் நிறைந்துவிட்டது. சகலை வந்து நின்று வாயைப் பிளக்கப்போகிறான், என் மனைவி மூலையில் குத்துக்காலிட்டு உட்காரப்போகிறாள். எனக்கு வேண்டியது அந்த இரண்டாவதுதான். அவள் ஒருமுறை என் கரையையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

அவளைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினேன். கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தவள், தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தாள்.

"நல்லாருக்கு" என்றாள். கொஞ்சம் நின்று, "பீரோ எங்க போடுவிய?" என்றாள்.

"தரையப் பத்திப் பேசும்போது பீரோவப் பத்தி எதுக்குக் கேக்க?"

அவள் தம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். டிசைனைக் காட்டினால் பீரோவைப் பற்றிக் கேட்கிற புத்தியை என்ன செய்வது என்று சலித்துக்கொண்டு நான் பூவுக்கு மஞ்சள் தீட்டினேன்.

சகலை வீட்டுக்குத் தரை போட்ட அதே கொத்தனாரைத்தான் வேண்டுமென்றே பிடித்தேன். அங்கே போட்ட கை இங்கேயும் போடட்டும், டிசைனில் யார் உசத்தி என்று தெரிந்துபோகும். அவர் என் தாளைப் பார்த்துவிட்டு ஹாலின் நடுவில் போய் நின்றார்.

"மாஸ்டர், ரூமுக்கு நடுவுல குறுக்கயும் நெடுக்கயும் ரெண்டு நூலு கட்டுவோம். ரெண்டும் வெட்டுத இடத்துல முதக் கல்ல வைப்போம். அங்கன இருந்து நாலு பக்கமும் போனா, ஓரத்துல மிச்சம் ஒண்ணுபோல வரும்."

"நடுவுல இருந்து யாராவது சேல நெய்வாங்களா? இடது கரையில இருந்து பிடிங்க."

"இது சேல இல்லையே மாஸ்டர்."

"எனக்குத் தெரியாதா வே?"

"வலப்பக்கச் சுவரு கோணி ஓடுது. கரையில இருந்து பிடிச்சா அங்கன போய் இடிக்கும்."

சொல்லிவிட்டு அவர் வாசலில் நின்ற என் மனைவியைப் பார்த்தார். நீங்களாவது சொல்லுங்களேன் என்று கேட்கிற பார்வை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொத்தனார் எதற்கு அவளைப் பார்க்கிறார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. நான் சொன்னபடி போடச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

என் தப்பு தறிக்காரன் தப்பு. தறியில் பாவு நூல் நேராக நிற்கும். ஒரு ஓரத்தில் எந்த அகலத்துக்குக் கரை எடுக்கிறோமோ, மறு ஓரத்திலும் அதே அகலத்துக்கு வந்து நிற்கும், முதல் கஜத்திலும் ஆறாவது கஜத்திலும் அதேதான். நீளத்தைப் பற்றிக் கவலையே இல்லை. பூ பாதியில் நின்றால் இன்னும் நாலு விரற்கடை நெய்துகொள்ளலாம். அப்படியே பழகிவிட்டேன். சுவர் கோணும், அறை ஓரிடத்தில் முடிந்துபோகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. வரையும்போது நினைப்பில் வரவில்லை, அவ்வளவுதான்.

கல்லைப் பதித்து முடித்ததும் மேலே சிமெண்டுப் பால் ஊற்றினார்கள். ஒரு வாரம் தரை சாம்பல் பூத்துக் கிடந்தது. எது கரை, எது பூ என்று தெரியாது. வலது ஓரத்தில் ஏதோ வெட்டுக் கல்லாகக் கிடக்கிறதே என்று எனக்குப் பட்டது. பாலிஷ் போட்டால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோவில்பட்டியிலிருந்து பாலிஷ் மெஷின் வந்தது. வாசலிலிருந்து ஆரம்பித்தார்கள். மெஷின் ஒருபக்கம் சத்தம் போட, தண்ணீரை வாளி வாளியாகக் கொட்ட, காலெல்லாம் சேறாக நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே நடந்தேன். முந்தி வெளியே வந்தது. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. முதல் வரிசைப் பூ வந்தது, இரண்டாவது வந்தது. நான் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வந்து நின்ற நேரத்தில் மெஷின் ஹாலின் பாதியைத் தாண்டியிருந்தது. வாசலில் முழுக் கல்லாக ஆரம்பித்த வலதுபுறச் சிவப்புக் கரை போகப் போக இளைத்துக்கொண்டே போனது. அடுப்படி வாசலுக்குப் போய்ச் சேரும்போது பாதிக் கல்தான் மிச்சம். இடது கரை கம்பீரமாக நிற்கிறது, வலது கரை சூம்பிப்போய் நிற்கிறது. அதற்கும் மேலே, பின்சுவர் நெடுக வரிசையாக அரைப் பூக்கள். எல்லாப் பூவையும் சுவர் பாதியில் வெட்டியிருந்தது.

மெஷின்காரர் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இது இப்படித்தான் வேணும்னு போட்டதா மாஸ்டர்?"

"ஆமா" என்றேன்.

என் மனைவி தரையைப் பார்த்தாள். அடுப்படிப் பக்கம் போய் ஒரு சாக்கை எடுத்துவந்து சேற்றைத் துடைக்க ஆரம்பித்தாள். குத்துக்காலிட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள், சேறு துடைப்பதற்காக.

சாமான்களை ஏற்றியபோது மிச்சமும் விளங்கியது. பீரோ இடதுபுறச் சுவரில்தான் நிற்கும், நல்ல கரையில் பாதியை அது மூடிக்கொண்டது. கட்டில் வலதுபுறத்தில் முழுக் கல் இருக்கிற பக்கத்தை மூடிக்கொண்டது. மூட வேண்டிய சூம்பல் கரை அடுப்படி வாசல் ஓரம், அங்கே ஒரு முக்காலிகூடப் போட முடியாது. தோண்டி எடுத்து மறுபடி போடுகிற வசதியும் எங்களுக்கு இல்லை.

எங்கள் வீட்டுப் பிரதிஷ்டைக்கும் அதே ஐயர் வந்தார். முழங்கால் படியிட்டோம். இந்த முறை கண்ணைத் திறக்கவே கூடாது என்று இறுக்கி மூடியிருந்தேன். கிணற்றை ஆசீர்வதிக்கிற இடம் வந்தபோது முடியவில்லை, திறந்துவிட்டேன். எதிரே சகலையின் கண்ணும் திறந்திருந்தது. வலது கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் கண் அவன் கண்ணைச் சந்தித்ததும் திருடன் மாதிரி மூடிக்கொண்டான். சாப்பிடும்போது அவனே பேச்சை எடுத்தான்.

"நல்ல காத்தோட்டம் அண்ணாச்சி. ஜன்னல் நல்ல இடத்துல அமைஞ்சிருக்கு."

ஏதாவது குத்தலாகச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். ஜன்னலைப் புகழ்ந்துவிட்டான். அவனை நான் அன்றைக்கு வெறுத்த மாதிரி ஒருநாளும் வெறுத்ததில்லை.

எல்லோரும் போனபிறகு மனைவி முற்றத்தில் உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். வெயில் தாழவில்லை. நான் போய் நின்று கொட்டித் தீர்த்தேன்.

"உன் தங்கச்சி மாப்பிள்ள பாத்த வேலதான் இது. கொத்தனார்கிட்ட என்னமோ சொல்லிக் குடுத்திருக்கான். அவன் வீட்டு டிசைனு மதுரை இஞ்சினியரு போட்டது. எங்கிட்ட மறைக்கான். கேட்டா பொம்பளைக பாத்தாகளாம்."

"இஞ்சினியரு ஒருத்தரும் இல்ல" என்றாள். தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "அது நான் போட்டது."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவளே மெதுவாகச் சொன்னாள். தங்கை கூப்பிட்டாளாம். இரண்டு பேரும் ராஜபாளையம் ரோட்டுக் கல் பட்டறைக்குப் போயிருக்கிறார்கள். பட்டறை முற்றத்திலேயே கல்லை விரித்து, நேராக வைத்து, சாய்த்து வைத்து, கரையை உள்ளே தள்ளி, வெளியே தள்ளி, மூன்று மதியம் பார்த்திருக்கிறாள். அப்புறம் கொத்தனாருக்கு நூல் கட்டுகிற இடத்தையும் அவள்தான் காட்டியிருக்கிறாள். நான் அந்த நேரமெல்லாம் தறிக்கூடத்தில் இருந்திருக்கிறேன்.

"சுவரு எந்த வீட்டுலயும் நேரா இருக்காதுன்னு கொத்தனாரு சொன்னாரு. கரைய உள்ள தள்ளிட்டா, கோணல் எல்லாம் ஓரத்துச் சாம்பல் கல்லுல போயிரும். அதுமேல பீரோவும் பெஞ்சும் நின்னுக்கிடும். கரையும் மறையாதுல்லா. அவ வீட்டுச் சுவரு நம்ம வீட்டவிடக் கோணல். போய்ப் பாருங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டிய? அவ மாப்பிள்ள கேட்டாக. மைனி, உங்களுக்குத்தான் கண்ணு உண்டு, நீங்களே சொல்லுங்கன்னு கேட்டாக."

"நம்ம வீட்டுக்காவது சொல்லியிருக்கலாம்லா?"

"பீரோ எங்க போடுவியன்னு கேட்டேனே" என்றாள்.

மறுநாள் ஆணி வாங்குகிற சாக்கில் சகலை வீட்டுக்குப் போனேன். அவன் கடையில் இருந்தான், கொழுந்தியாள் காப்பி போட உள்ளே போனாள். நான் பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டு, கரைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சாம்பல் கல்லைச் சாண் போட்டேன். ஒரு முனையில் இரண்டு சாணுக்கு மேல். மறு முனையில் ஒன்றரைச் சாண்கூட இல்லை. எங்கள் வீட்டைவிட மோசமான கோணல். ஒன்றரை வருஷம் வாரா வாரம் போய் உற்று உற்றுப் பார்த்தும் டிசைன் மாஸ்டருக்கு அது தெரியவில்லை.

சகலைமேல் இருந்த பொறாமை அன்றைக்கே இறங்கிவிட்டது. இறங்கி ஓய்ந்துவிட்டதா என்றால் இல்லை, அது என் மனைவிமேல் திரும்பியது. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா பதினோரு வருஷம் என் தாள்களைப் பார்த்து நல்லாருக்கு, நல்லாருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள் என்று நினைத்தால் உடம்பெல்லாம் எரிந்தது. எத்தனை கரையில் என்னென்ன கோளாறு கண்டிருப்பாள். அதைவிட எரிச்சல், பச்சைச் சட்டைக்கு நீலச் சாரம் கட்டுகிறவனுக்கு அவளிடம் கண் இருப்பது தெரிந்திருக்கிறது. கூடவே படுத்து எழுந்திருக்கிற எனக்குத் தெரியவில்லை. அவன் கேட்டான், அவள் மூன்று மதியத்தைக் கொடுத்தாள். நான் கேட்கவில்லை, அவளும் தரவில்லை. யாரைக் குறை சொல்ல முடியும்?

அடுப்படிச் சுவருக்குப் பளபளப்பு டைல்ஸ் ஒட்டுகிற வேலை மட்டும் பாக்கி இருந்தது. சமாதானத்துக்கு ஒரு வழி என்று நினைத்து, இதற்கு நீயே டிசைன் சொல்லு என்றேன். அவள் மூன்று மதியம் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"வெள்ளையே போடுங்க. துடைக்க லேசா இருக்கும்."

"நடுவுல ஒரு நீலக் கோடாவது விடலாமா?"

"எதுக்கு?" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபம் என்றால் நானும் பதில் பேசியிருப்பேன். துடைக்க லேசாக இருக்கும் என்பதும் நிஜம்தான். வெள்ளை ஒட்டினோம், கோடு இல்லை. அவள் என்னைத் தண்டித்தாளா, நிஜமாகவே அப்படித்தான் விரும்பினாளா என்று நான் கேட்டதில்லை.

அதற்குப்பிறகு சகலை கடைக்குச் சிமெண்டு வாங்க வருகிறவர்கள், அவன் வீட்டுத் தரையைப் பார்த்துவிட்டு டிசைன் கேட்பார்கள். அவன் மறைக்காமல் என் மனைவியைச் சொல்லி எங்கள் வீட்டுக்கு அனுப்புவான். குருவிகுளம் போகிற வழியில் ஒரு வீடு, சபைக்காரர் ஒருவர் வீடு, மகளிர் பள்ளி டீச்சர் வீடு. வந்தவர்கள் வாசலில் என்னைக் கண்டு, "மாஸ்டர், உங்க வீட்டுல இருக்காகளா?" என்று கேட்பார்கள். மாஸ்டரை யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் ஹாலில் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது அவர்கள் கண் வலது கரைக்குப் போகும். அப்புறம் மரியாதையாக ஜன்னலுக்குப் போகும்.

டீச்சர் வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. ஒரு நாள் மின்சாரம் இல்லாமல் தறிகள் நின்றுவிட்டதால் நான் மதியமே திரும்பிவிட்டேன். வீடு பூட்டியிருந்தது. அவள் அங்கேதான் இருப்பாள் என்று தெரியும். சாவி வாங்கப் போனேன். அந்த வீட்டுக்கு இன்னும் கதவு போட்டிருக்கவில்லை. உள்ளே வெறும் மண் தரையில் முழங்கால் போட்டுக்கொண்டு அவள் கற்களைப் பரப்பியிருந்தாள். ஒரு கல்லை எடுத்தாள், கால்வாசி திருப்பி வைத்தாள். எழுந்து நாலு எட்டு பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். திரும்ப வந்து வேறு கல்லை மாற்றினாள். நெற்றியில் சிமெண்டுத் தூசி. கொத்தனார் கையைக் கட்டிக்கொண்டு அவள் வாயிலிருந்து வரப்போகிற வார்த்தைக்குக் காத்திருந்தார். அந்த முகத்தை நான் என் கல்யாணத்தில் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. எனக்கு அந்தக் கொத்தனார்மேல் பொறாமையாக இருந்தது, அந்த டீச்சர்மேல் இருந்தது. சொல்லப்போனால் கல்மேலேயே இருந்தது.

நான் நிற்பதை அவள் கவனித்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டு போயிருக்கலாம், என்னால் முடியவில்லை.

"நம்ம வீட்டுக்கு இந்த மாதிரி ஒண்ணு போட்டுத் தருவியா?" என்றேன். அவளிடம் நான் கெஞ்சிக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் வருத்தம்கூட இருந்தது.

"நம்ம வீட்டுலதான் தரை போட்டாச்சே" என்றாள். அப்புறம் திரும்பிக் கொத்தனாரிடம், "அந்த மூலைக் கல்லக் கொஞ்சம் திருப்பி வைங்க" என்றாள்.